‘வராது’ என்று எங்களைச் சொல்ல வைக்காதீர்கள்

தடுப்பூசிப் பயிற்சிக் கையேடும் சுவரொட்டியும் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் புதன்கிழமை என்றால் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தடுப்பூசிப் பெட்டியில் அடுக்க வேண்டும். அவசரப்பட்டால், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பெண்டா ஊசி மருந்து உறைந்து வீணாகிவிடும். இந்த நுணுக்கமெல்லாம் உங்கள் பயிற்சியில் நான் கற்றவைதான். நன்றாகவே சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும். ‘வராது’ என்ற சொல்.

‘இந்த ஊசி போட்டால் இந்த நோய் வராது.’ பயிற்சியில் இப்படித்தான் கேட்டோம், வீடு வீடாக இப்படித்தான் சொன்னோம். எத்தனை ஆயிரம் தாய்மார்களிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கு இல்லை.

2006-ஆம் வருடம், மாசி மாதம். என் பகுதியில் செங்கல் சூளைக்குப் போகிற ஒரு குடும்பம். மூத்த பையனுக்கு நான்கு வயது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டது நான்தான். அட்டையில் என் கையெழுத்து இருக்கிறது. அவனுக்கு மணல்வாரி கண்டிருக்கிறது என்று அங்கன்வாடி ஆயா வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. காதுக்குப் பின்னால் தொடங்கி முகம், கழுத்து, நெஞ்சு என்று சிவப்பாகப் பரவியிருந்தது. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, தட்டம்மைதான்.

“நீங்கதானே நர்ஸம்மா போட்டீங்க? வராதுன்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள் அவன் அம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், “ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆகும்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் ஒரு வாரத்தில் தேறிவிட்டான்.

ஆயிரத்தில் ஒன்று என்பது உண்மையில்லை. ஒன்பது மாதத்தில் போடுகிற தட்டம்மை ஊசி, ஒரே தவணையில், நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் காப்பு தரும். வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், அது ஊசியில் இருக்கிற வைரசை வேலை செய்யவிடாது. பன்னிரண்டு மாதம் வரை காத்திருந்தால் காப்பு கூடும். ஆனால் காத்திருக்கிற அந்த மூன்று மாதத்தில் நோய் முந்திக்கொண்டால் கைக்குழந்தை தாங்காது. அதனால்தான் தெரிந்தே ஒன்பது மாதம் என்று வைத்தார்கள். இரண்டாவது தவணையும் போட்டால் நூற்றுக்கு 97 வரை போகும். அந்த இரண்டாவது தவணை அப்போது நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. அவளுக்கு அடுத்ததாகப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் மாதம் டியூ லிஸ்டில், அதாவது ஊசி போட வேண்டியவர்கள் பட்டியலில், பெயர் வந்தது. மூன்று தடவை போனேன். அவள் கதவைச் சாத்தவில்லை, திட்டவில்லை. “வேணாம் நர்ஸம்மா” என்று மட்டும் சொன்னாள். ஒன்றரை வயதில் அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வந்தது, கூடவே நிமோனியா. பதினோரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. காதில் சீழ் வைத்து, இடது காது சரியாகக் கேட்காமல் போய்விட்டது. யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. ‘வராது’ என்றதும் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்றதும் என் வாய்தான்.

மருந்தின் காப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரு வைரஸ் விஞ்ஞானியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் துணை நிலையத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு. நாங்கள் ஊரில் சி.எம்.சி. என்போம். அங்கேதான் டி. ஜேக்கப் ஜான் இருந்தார். குழந்தை மருத்துவராக இருந்து வைரஸ் ஆராய்ச்சிக்கு வந்தவர். மூன்று தடவை போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளும் கால் சூம்பி வருவதை அவர் பார்த்தார். மருந்து கெட்டிருக்கும், யாரோ குளிரில் வைக்கவில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். எப்போதும் அப்படித்தான் சொல்லி முடிப்பார்கள், பழி கீழே பெட்டி தூக்குகிறவள் தலையில் விழும். அவர் அப்படி விடவில்லை. வீரியம் உள்ள மருந்தையே கொடுத்து, ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். பல குழந்தைகளுக்கு வரவில்லை. 1972-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். குளிர்நாடுகளில் மூன்று தவணைக்கு நூற்றுக்கு 95 பேருக்கு மேல் காப்பு கிடைத்த அதே மருந்து, இங்கே அப்படி வேலை செய்யவில்லை.

பிறகு வளரும் நாடுகளின் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 1991-இல் வந்த கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. போலியோ வைரசில் மூன்று வகை உண்டு. மூன்று தவணைக்குப் பிறகு நூற்றுக்குக் காப்பு பெற்றவர்கள் முதல் வகைப் போலியோவுக்கு சராசரி 73, இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70. அதாவது முறையாக மூன்று தடவை சொட்டு மருந்து குடித்த நாலு பிள்ளைகளில் ஒன்று, முதல் வகைப் போலியோவுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றது.

காரணம் தேடினார்கள். குடலில் வேறு வைரஸ்கள் இருந்து தடுக்கின்றனவா என்று ஜேக்கப் ஜான் பார்த்தார். அது காரணமாகத் தெரியவில்லை. தாய்ப்பால் தடுக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. இந்தப் பதில் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா? சொட்டு மருந்து நாளில் பால் கொடுக்கலாமா என்று கேட்காத தாயே கிடையாது. அப்புறம் பல வருடம் கழித்து வேலூர்ப் பகுதிக் கைக்குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துக் குடலில் இருக்கும் கெட்ட கிருமிகளைக் குறைத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது, காப்பு கூடவில்லை. முழுக் காரணம் இன்றைக்கும் பிடிபடவில்லை.

இதையெல்லாம் வெளியே சொன்னால் ஜனங்கள் சொட்டு மருந்துக்கு வரமாட்டார்கள் என்று பயந்து மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அடிக்கடி யோசிப்பது இதைத்தான். உண்மையான எண் கையில் இருந்ததால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தது. மூன்று போதாது, இன்னும் பல தவணை வேண்டும் என்று தெரிந்தது. தனித்தனியாகக் கொடுப்பதைவிட ஊரில் இருக்கிற குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் வைரசுக்குப் போக்கிடம் இருக்காது என்று தெரிந்தது. வேலூரில் அதைச் செய்து பார்த்து 1983-இல் எழுதினார்கள். 1995-இல் நாடு முழுக்க பல்ஸ் போலியோ தொடங்கியது. பேருந்து நிலையத்தில் சுண்டு விரலில் மை வைத்துக்கொண்டு நாங்கள் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பின்னால், காப்பு குறைவு என்று எண்ணிச் சொன்ன அந்த ஆராய்ச்சி இருந்தது.

உத்தரப் பிரதேசத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே முதல் வகைப் போலியோவுக்கு எதிராக ஒரு தவணையின் காப்பு வெறும் 9 சதவீதம் என்று 2006-இல் கணக்கிட்டார்கள். ஒன்பது! அதைக் கேட்டு யாரும் கையை விரிக்கவில்லை. மூன்று வகையும் கலந்த மருந்தில் ஒன்றோடொன்று போட்டி போடுகிறது என்று புரிந்து, 2005-இலிருந்தே ஒரு வகை மட்டும் உள்ள மருந்தைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அதன் காப்பு ஒரு தவணைக்கு 30 சதவீதம் வரை வந்தது. 2010-இல் இரு வகை மருந்து வந்தது. அங்கே பல குழந்தைகள் பத்துக்கும் மேற்பட்ட தடவை குடித்தார்கள். 2011 ஜனவரி 13-ஆம் தேதி, மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வைரசால் வந்த கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27-இல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியில் போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது.

ஜேக்கப் ஜான் பல காலம் வலியுறுத்திய போலியோ ஊசி 2015 நவம்பரில்தான் நம் அட்டவணைக்குள் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த 1 முதல் 4 வயது வரையிலான 450 குழந்தைகளை வைத்து வேலூரில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு ஊசி போட்டதுமே குடலின் எதிர்ப்பு கூடி, மலத்தில் வைரஸ் வெளியேறுவது குறைந்தது. இந்த மாவட்டத்துத் தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் எடுக்கச் சம்மதித்ததால் கிடைத்த அறிவு இது. அந்தத் தாய்மார்களுக்கே எண்ணைச் சொல்லக்கூடாது என்றால் நியாயமா?

கைக்குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரசிலும் இதே கதைதான். பணக்கார நாடுகளில் 85-க்கு மேல் காப்பு காட்டிய சொட்டு மருந்துகள் ஏழை நாடுகளில் பாதியில் நின்றன. ரோட்டாவாக் என்ற நம் நாட்டுச் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடத்தில் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்தபோது கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்குக்கு எதிராக 53.6 சதவீதம் வந்தது. வேலூரில் பல வருடம் இந்த வைரசின் பின்னாலேயே போனவர் ககன்தீப் காங். மருந்து அட்டவணைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் குழுவினர் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளைப் பல மாநிலங்களில் கண்காணித்து, நடைமுறையிலும் 54 சதவீதம் காப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். சோதனையில் சொன்னதும் ஊரில் நடப்பதும் பொருந்தி வந்ததைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

ஆனால் எங்கள் தாய்மார்களுக்கு என்ன சொல்லப்பட்டது? ‘வயிற்றுப்போக்குக்குச் சொட்டு மருந்து’ என்று. குழந்தைக்கு வயிற்றால் போவதற்கு ரோட்டா மட்டுமா காரணம்? பத்து காரணம் இருக்கிறது. மூன்று தவணையும் கொடுத்த பிறகு குழந்தைக்கு வயிற்றால் போனால், மருந்து வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் அதைவிட ஆபத்தாக, மருந்துதான் கொடுத்தாயிற்றே என்று உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இதுதான்: “அதான் சொட்டு போட்டீங்களே.”

ஒரு சின்னக் கணக்கைப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒரு கிராமத்தில் 200 குழந்தைகள். 180 பேருக்கு ஒரு தவணை தட்டம்மை ஊசி போட்டாயிற்று, 20 பேர் விடுபட்டவர்கள். ஊருக்குள் நோய் வந்து எல்லா வீட்டுக்கும் போகிறது என்று வையுங்கள். விடுபட்ட 20 பேருக்கும் வரும். ஊசி போட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் 27 பேருக்கு வரும். மொத்தம் 47. அதில் ஊசி போட்டவர்களே அதிகம்! டீக்கடையில் என்ன பேச்சு வரும்? “ஊசி போட்ட புள்ளைங்களுக்குத்தான் வருது.” கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். 20-க்கு 20, 180-க்கு 27 என்று வகுத்துப் பார்க்க யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே 153 குழந்தைகளை அந்த ஊசி காப்பாற்றியது தெரியும்? இதை எனக்கு முதலில் சொன்னது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஓர் இளம் டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருபது வருட சர்வீசில் அதுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லோருக்கும் ஊசி. வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வதந்தி. ஒரு பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூடி நின்று, “ஏற்கெனவே போட்டதுதானே, திரும்ப எதுக்கு?” என்று சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அன்றைக்கு நான் ‘வராது’ என்று சொல்லவில்லை. முதல் தவணைக்கு நூற்றுக்கு 85, மிச்சம் 15 யார் யாருடைய பிள்ளை என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் இன்னொரு தடவை என்றேன். கரும்பலகையில் கணக்கையும் போட்டுக் காட்டினேன். லாரி ஓட்டுகிற ஓர் அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் பொண்ணு அந்தப் பதினஞ்சுல இருக்கலாம், போடுங்க” என்றார். எல்லோரும் சம்மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆறேழு பேர் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் என்னைப் பொய்க்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொரோனாவில் நாம் பழைய தவறையே மறுபடியும் செய்தோம். முதலில் ‘போட்டால் வராது’ என்றோம். வந்தது. “ரெண்டு ஊசி போட்டும் வந்துச்சே” என்று கேட்காத வீடு இல்லை. அதே சமயம் சி.எம்.சி.யில் தங்கள் ஊழியர்களையே எண்ணிப் பார்த்தார்கள். 2021-இன் இரண்டாம் அலையில், இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்று வராமல் காத்தது 65 சதவீதம், ஆஸ்பத்திரியில் சேராமல் காத்தது 77, ஆக்சிஜன் வைக்க வேண்டிய நிலைக்குப் போகாமல் காத்தது 92, தீவிர சிகிச்சைக்குப் போகாமல் காத்தது 94. ஒரே ஊசிக்கு நான்கு எண். ‘வேலை செய்யுமா, செய்யாதா’ என்று கேட்டால் எதை என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதை எனக்கு இதுதான் கற்றுக்கொடுத்தது. சளி காய்ச்சல் வரலாம், மூச்சுத் திணறிச் சாவது பெரும்பாலும் தடுக்கப்படும். இதைத் தெளிவாகச் சொன்னால் புரிந்துகொள்ளாத அளவுக்கு நம் ஜனங்கள் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை. மழை வருமா என்று பார்த்து விதைக்கிறவர்கள். சீட்டுப் போடுகிறவர்கள். நூற்றுக்கு எத்தனை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். கையேட்டில் ஒவ்வொரு தடுப்பு மருந்துக்கும் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள்: எந்த நோயின் எந்த நிலையைத் தடுக்கும், நம் நாட்டுக் குழந்தைகளிடம் நூற்றுக்கு ஏறக்குறைய எத்தனை பேருக்கு. எது அட்டவணையில் இல்லை என்பதையும் சொல்லுங்கள். அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து இல்லை. அது தெரியாமல் கன்னம் வீங்கிய பிள்ளையைக் காட்டி, “எல்லா ஊசியும் போட்டோமே” என்று கேட்கிறவர்களுக்கு இப்போது வேலையில் இருக்கும் என் தங்கைகள் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

அப்புறம், ஒரு ஊரில் நோய் கிளம்பினால் கணக்கு எடுக்கிறோம். எத்தனை பேருக்கு வந்தது, அதில் ஊசி போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை, எல்லாம் நாங்கள்தான் வெயிலில் அலைந்து எழுதித் தருகிறோம். மேலே போன தாள் கீழே திரும்பி வருவதில்லை. முடிவு என்ன என்று எங்களுக்கும் ஒரு பக்கம் அனுப்புங்கள். காப்பு குறைவாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு செவிலியருக்குத் தெரியும்.

எண்ணைச் சொன்னால் பயம் வரும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முப்பது வருடத்தில் என்னிடம் ஊசி வேண்டாம் என்று சொன்னவர்களை நினைத்துப் பார்க்கிறேன். காப்பு 85 என்று கேட்டு மறுத்தவர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. நூறு என்று நம்பி, பிறகு ஏமாந்தவர்கள் நிறையப் பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

சுவரொட்டிக்கு என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்டால், ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் ஒன்பது மாதக் குழந்தையோடு வந்த தாயிடம் நான் சொன்னதை அப்படியே தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள்.

“இது தட்டம்மை ரூபெல்லா ஊசிம்மா. நூறு குழந்தைக்குப் போட்டா எம்பத்தஞ்சு குழந்தைக்குத் தட்டம்மை வராம பாத்துக்கும். பாக்கி பதினஞ்சுக்காகத்தான் ஒன்றரை வயசுல இன்னொண்ணு போடறோம், அதை மட்டும் மறந்துடாதே. ரெண்டும் போட்டா நூத்துக்கு மூணு பேருக்குத்தான் வர வாய்ப்பு, வந்தாலும் பெரும்பாலும் லேசா வந்து போயிடும். இன்னைக்கு ராத்திரி லேசா காய்ச்சல் அடிக்கலாம், ஒரு வாரம் பத்து நாள்லயும் கொஞ்சம் வரலாம், பயப்படாதே. சந்தேகமா இருந்தா எனக்குப் போன் பண்ணு.”

கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்ல ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத்தான் ஆகிறது. ஊசி போட்ட பிறகு எப்படியும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
வேலூர் மாவட்டம்.